தேக்குக் கேமராவுக்கு ஒரு பொட்டு

செப்டம்பர் 29, ஞாயிறு

போல்ட் நட் வாங்குகிற கடையில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. இத்தனை மாதமாகக் கட்டில் காலுக்கு அடியில் முட்டுக்கொடுத்துக் கிடந்தது. இன்று உருவி எடுத்துவிட்டேன். இனிமேல் கட்டில் ஆடும். ஆடட்டும், ஒற்றை ஆள்தானே படுக்கப்போகிறேன்.

கலாமணி காலை ரயிலில் சென்னைக்குப் போய்விட்டாள். அவள் தங்கை பூங்கொடி வந்து கூட்டிப்போனாள். வயிற்றில் சின்னதாக ஒரு கட்டியாம். பெரிய ஆஸ்பத்திரியில் காட்டி, வேண்டுமென்றால் எடுத்துவிட்டு வருவார்கள். நானும் வருகிறேன் என்றேன். பட்டறையை மாரப்பன் பார்த்துக்கொள்வார், கேமராக்களை யார் பார்ப்பது என்று கேட்டாள். புருஷனைவிடக் கேமராவுக்குத் துணை முக்கியம் என்று நினைக்கிற பெண்பிள்ளையை இந்தக் கோயமுத்தூரில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

அவள் அரசுப் பள்ளியில் டிராயிங் டீச்சர். நான் ஆறாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பீளமேட்டில் லேத் பட்டறை. வீட்டுக்கு வந்தால் தூங்கும்வரை அவளை எதையாவது சொல்லிச் சீண்டிக்கொண்டே இருப்பேன், அவளும் பதிலுக்குக் கொடுப்பாள். இன்று சாயங்காலம் சுவரைப் பார்த்து ஒரு கிண்டல் சொன்னேன். சுவர் சிரிக்கவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

பிளாட்பாரத்தில் நின்று அவள் போட்ட உத்தரவுகள்: தினமும் பீரோவைக் கொஞ்ச நேரம் திறந்து வைக்க வேண்டும். ஒவ்வொரு கேமராவின் ஷட்டரையும் ஒரு தடவை தட்டிவிட வேண்டும், இல்லையென்றால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் சோம்பேறியாகிவிடும். ஈரம் ஆகாது. கண்ணாடியில் விரல் படவே கூடாது. விரல் விஷயத்தை ரயில் நகர்ந்த பிறகும் ஜன்னல் வழியாகச் சொன்னாள்.

பீரோ முழுக்கப் பழைய கேமராக்கள்தான். என் சட்டைகள் சூட்கேசில் குடியிருக்கின்றன.

அக்டோபர் 1, செவ்வாய்

எல்லாவற்றையும் தட்டினேன். ஒன்று தும்மியது. ஒன்று பல்லைக் கடித்தது. சமையல்: ரசம், அதுவும் போனில் கேட்டு.

அக்டோபர் 3, வியாழன்

பட்டறையில் மின்சாரம் இல்லை. அதனால் தேக்குக் கேமராவின் ஜாதகத்தை எழுதுகிறேன். கலாமணி இதை வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் சொல்லி எனக்கு மனப்பாடம்.

வெயில் நாடுகளுக்குப் போகிற வெள்ளைக்காரர்களுக்காக அந்தக் காலத்தில் லண்டனில் தேக்கிலேயே கேமரா செய்தார்களாம். சாதாரண மரமும் பசையும் நம் வெயிலில் வாயைப் பிளந்துவிடும். அதனால் தேக்குப் பெட்டி, பித்தளை ஓரம், பித்தளைத் திருகு, முன்னால் நீட்டி மடக்க சிவப்புத் தோலில் ஒரு துருத்தி. தேக்கு இந்தப் பக்கத்துக் காட்டிலிருந்துதான் கப்பலேறியிருக்கும் என்பாள். மரமாகப் போனது, கேமராவாகத் திரும்பி வந்திருக்கிறது. நானும் இங்கிருந்து சைக்கிளில் போய் அவளைப் பெண்பார்த்துவிட்டு வெட்கப்பட்டுத் திரும்பி வந்தவன்தான், என்னை யாரும் பீரோவில் வைக்கவில்லை என்றேன். நீங்க தேக்கு இல்லீங், முருங்கை என்றாள்.

அது கிடைத்த இடம் வால்பாறை. எஸ்டேட் கிளார்க் ஒருவர் வீட்டில் அதற்குள் பூண்டு போட்டு வைத்திருந்தார்கள். துரை ஊருக்குப் போகும்போது அவருடைய தாத்தாவிடம் விட்டுப்போனதாம். கிளார்க்கின் சம்சாரம், பூண்டுக்கு வேறு இடமில்லை, தரமாட்டேன் என்று நின்றுவிட்டது. இவள் மறுவாரமே எங்கள் புது மிக்சியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, கொடுத்துவிட்டு, கேமராவோடு வந்தாள். அப்புறம் கொஞ்ச நாள் வீட்டில் அம்மிச் சட்னி. அதுதான் ருசி என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மிக்சி வாங்க அதன் பிறகு ஆறுமாதம் ஆனது.

கலாமணியிடம் ஒரு சட்டம் உண்டு. பீரோவுக்குள் வருகிற கேமரா எவ்வளவு கிழடாக இருந்தாலும் அவள் கையால் ஒரு படம் எடுத்துக்காட்ட வேண்டும். எடுக்காதது கேமரா இல்லை, டப்பா. எல்லாமே எடுத்துவிட்டன. பாக்கி இந்தத் தேக்கு ஒன்றுதான். இதற்குச் சுருள் பிலிம் ஆகாது, தகடுமாதிரி தனி ஏடு வேண்டும். வெளிநாட்டிலிருந்து ஒரு சிநேகிதி அனுப்பியதை இருட்டுக் குளியலறையில் உட்கார்ந்து அளவுக்கு வெட்டினோம். நான்தான் வெட்டினேன். அதனால் தேறியது ஒன்றே ஒன்று.

அந்த ஒன்றில் என்ன எடுப்பது என்று யோசித்து யோசித்து, கடைசியில் என் பட்டறையை எடுப்பது என்று முடிவு செய்தாள். லேத்தில் இரும்பைக் கவ்வுகிற சக்கிலிருந்து வாசல் போர்டு வரை ஒவ்வொரு திருகும் தெளிவாகத் தெரிய வேண்டுமாம். மறுநாள்தான் ஸ்கேன் முடிவு வந்தது. ஊருக்குக் கிளம்பும்போது, வந்து எடுத்துக்கறேன், அந்த பிலிம மட்டும் தொட்ராதீங் என்றாள்.

அக்டோபர் 8, செவ்வாய்

போனில் பேசினாள். கட்டி கொஞ்சம் பெரிசாம். டாக்டர் நல்ல மனுஷராம், சிரித்துச் சிரித்துப் பேசுகிறாராம். அதிகம் சிரிக்கிற டாக்டரை எனக்குப் பிடிக்காது என்று சொல்ல வந்து, நானே அதிகம் சிரிக்கிற ஆள் என்பதால் விட்டுவிட்டேன்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. பட்டறையைக் கழுவி, லேத், டிரில்லிங் மிஷின், ஸ்பேனர், சுத்தியல், டூ வீலர், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை கொடுத்து, பூசணிக்காய் உடைத்தோம். நம் ஊரில் இன்று பொட்டு வாங்காத இரும்பு கிடையாது.

வீட்டுக்கு வந்தால் பீரோ என்னைப் பார்த்தது. அவள் வருஷா வருஷம் பீரோ கதவில் ஒரு முழம் பூ சாத்துவதோடு சரி. இந்த வருஷம் அவள் அங்கே படுத்திருக்கிறாள். அவளுடைய ஆயுதங்களை நான் சும்மா விட்டால் நன்றாக இருக்குமா? எல்லாவற்றையும் எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தேன். லேத்துக்கு எங்கே பொட்டு வைப்பது என்று தெரியும். கேமராவுக்கு நெற்றி எது? வெகுநேரம் யோசித்தேன். ஆளைப் பார்ப்பது கண்ணாடிதான், முகத்தின் நடுவில் இருப்பதும் அதுதான். சந்தனத்தை நல்ல கெட்டியாகக் குழைத்து எல்லாக் கண்ணாடிக்கும் நட்டநடுவில் வைத்தேன். அதன்மேல் குங்குமம்.

கண்ணாடியில் விரல் படக் கூடாது என்று சொல்லியிருந்தாள். படவில்லை. தீக்குச்சியால் வைத்தேன்.

தேக்குக்கு மட்டும் கொஞ்சம் பெரிய பொட்டு. அதற்குத்தான் இன்னும் வேலை பாக்கி. அவள் கையால் அது ஒரு படம் எடுக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு கற்பூரம் காட்டினேன். கூட ஒன்றிரண்டு வேண்டுதலும் இருந்தது, அதை எழுதவில்லை.

நாளை மறுபூஜை ஆகும்வரை எதையும் தொடக் கூடாது.

பின்குறிப்பு. பூங்கொடி போன் செய்தாள். ஆபரேஷனை நாளைக்கே வைத்துவிட்டார்களாம், மாமா வந்துடுங்க என்றாள். பொட்டோடு எல்லாவற்றையும் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுக் கிளம்புகிறேன்.

அக்டோபர் 12, சனி. சென்னை

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். சொன்ன நேரத்தைவிட நிறைய ஆனது. காபி நன்றாக இல்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

இன்று பேசினாள். கண் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, கேமராவத் தனியா உட்டுட்டா வந்தீங். சாமி பார்த்துக்கும், பூஜை போட்டுட்டுத்தான் வந்தேன் என்றேன். அதற்குள் நர்ஸ் என்னை வெளியே போகச் சொல்லிவிட்டாள். வார்டில் சத்தமாகப் பேசுகிற ஆள் என்று எனக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

கட்டியை முழுக்க எடுத்தீர்களா என்று டாக்டரிடம் கேட்டேன். எடுக்க முடிந்ததை எடுத்தோம் என்றார். இன்று அவர் சிரிக்கவில்லை. மருந்து ஏற்ற வேண்டுமாம்.

அக்டோபர் 23, புதன். கோவை

கலாமணி துரத்தியதால் திரும்பி வந்தேன். இங்கே அன்றிலிருந்து விடாமல் மழையாம். கதவைத் திறந்ததும் ஊறின நாற்றம்.

பீரோவைத் திறந்தேன்.

முக்கால்வாசிக் கேமராக்களுக்கு ஒன்றுமில்லை. நான் கண்ணாடி என்று நினைத்துப் பொட்டு வைத்தது மேலே போட்டிருந்த மூடியில். இன்றைக்குத்தான் அது மூடி என்றே தெரிந்தது. சிலவற்றில் ஈரத்துணியால் துடைத்ததும் போய்விட்டது. தேக்கும் வெறுங்கண்ணாடிதான், அதில் மட்டும் போகவில்லை. சந்தனம் காய்ந்து கல்லாகி, சுற்றிலும் சிவப்பு வளையம், அதிலிருந்து வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை நூல் விட்டிருந்தது.

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. நகத்தால் சுரண்டினேன். வரவில்லை. பட்டறைக் கழிவுநூலில் மண்ணெண்ணெய் தொட்டு, பேரிங் துடைப்பதுபோல அழுத்தித் தேய்த்தேன். சந்தனம் வந்துவிட்டது. பொட்டு வரவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கண்ணாடிக்கு நடுவில் மூச்சு விட்டதுபோல வட்டமாக ஒரு மங்கல், அதன்மேல் கோடு கோடாகக் கீறல்.

பக்கத்து வீட்டில் கேட்டார்கள், டீச்சர் எப்படி இருக்காங்க என்று. ஜம்மென்று இருக்கிறாள் என்றேன்.

அக்டோபர் 24, வியாழன்

டவுன்ஹால் பக்கம் சம்சுதீன் பாய் கடைக்குப் போனேன். கலாமணியின் கேமராக்களுக்கெல்லாம் அவர்தான் வைத்தியர். தேக்கைத் துணியில் சுற்றிக் கொண்டுபோனேன். அவர் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். என்ன ஊத்துனீங்க என்றார். சொன்னேன். மனுஷர் முதலில் சிரித்தார். அப்புறம் பூதக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

"டீச்சருக்குத் தெரியுமா?"

"தெரியாதுங் பாய். தெரியறதுக்குள்ள சரிபண்ணோணும்."

சரிபண்ணுகிற சமாசாரம் இல்லையாம். குங்குமத்தில் இருக்கிற சுண்ணாம்பும் ஈரமும் கண்ணாடியைத் தின்றுவிட்டது. பாக்கியை நான் தின்றுவிட்டேன். வேறு கண்ணாடி மாற்றலாம் என்றால் இந்தப் பெட்டிக்கென்று செய்த கண்ணாடி வேறெங்கும் கிடைக்காது. நான் வெளியே வந்து செருப்பு மாட்டிக்கொண்டு திரும்ப உள்ளே போனேன். பாய், நீங்கள் முடியாது என்று சொன்னது எனக்குக் காதில் விழவில்லை, நாளைக்கும் வருவேன் என்றேன். வாங்க, டீ சாப்பிடலாம் என்றார்.

அக்டோபர் 28, திங்கள்

மூக்குக்கண்ணாடிக்குத் தேய்க்கிற இடத்தில் கேட்டேன். தொட மாட்டோம் என்றார்கள். உக்கடத்தில் பழைய சாமான் விற்கிற இடத்தில் தேடினேன். முள் இல்லாத வாட்ச், தலை இல்லாத மிக்சி, எல்லாம் இருந்தது, இது இல்லை.

மத்தியானம் பட்டறையில் ஒரு யோசனை வந்தது. லேத்தில் சக்குக்குப் பதிலாகக் கம்பளி ஃபெல்ட் வட்டை மாட்டி, மெதுவாகச் சுற்றவிட்டு, கண்ணாடியை அதில் மெருகேற்றினால் என்ன? வட்டைக்கூட வெட்டிவிட்டேன். மாரப்பன் என்னோடு இருபது வருஷத்துக்கும் மேலாக இருக்கிற ஆள், வாயே திறக்க மாட்டார். இன்று லேத்தை அணைத்துவிட்டு முன்னால் வந்து நின்றார்.

"அண்ணா, டீச்சரம்மாவுக்கு ஆப்பரேசன நம்ம லேத்துலயா பண்ணுனீங்?"

வட்டைக் கழற்றிவிட்டேன்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. பக்கத்து வீட்டு அதிரசம் நன்றாக இருந்தது. போனில் கலாமணியின் குரல் கரகரப்பாக இருந்தது. முதல் மருந்து ஏற்றியாகிவிட்டதாம். நாக்கில் ருசியே இல்லை, உங்க ரசமே இப்ப தேவலாம்னு தோணுது என்றாள். இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

இன்றைக்கும் பாய் கடைக்குப் போனேன். என் தொல்லை தாங்காமல் அவர் தேக்கை முக்காலியில் நிறுத்தி, பின்னால் உருவம் விழுந்து தெரிகிற மங்கல் கண்ணாடியைப் போட்டு, கறுப்புத்துணிக்குள் தலையை விட்டார். என்னையும் கூப்பிட்டார். ஒரே துணிக்குள் இரண்டு ஆம்பளைகள். தெருவில் போகிறவர்கள் என்ன நினைத்தார்களோ.

உள்ளே எதிர்க்கடை தலைகீழாகத் தெரிந்தது. ஒரே பால் மூட்டம். பாய் கண்ணாடிக்கு உள்ளே இருக்கிற துவாரத்தைச் சின்னதாக்கினார். இன்னும் மோசம். வெளிச்சம் நடுவில் மட்டும் நுழைகிறது, நடுவில்தான் என் பொட்டு உட்கார்ந்திருக்கிறது. நான் கடுப்பில் அப்படியே முழுக்கத் திறந்துவிடுங்க என்றேன். திறந்தார். மூட்டம் விலகி, எதிர்க்கடைப் பலகையின் எழுத்து பளிச்சென்று நின்றது. வெளிச்சம் பொட்டைச் சுற்றிக்கொண்டு வருகிறது.

ஆனால் அந்தப் பலகை மட்டும்தான் தெளிவு. அதற்கு ஒரு ஜாண் முன்னால், ஒரு ஜாண் பின்னால் எல்லாமே கரைந்து போயிருந்தது. துவாரத்தை முழுக்கத் திறந்தால் அப்படித்தானாம், ஒரே ஒரு தூரத்தில் இருப்பது மட்டும்தான் தெரியும். லேத்தின் சக்கிலிருந்து வாசல் போர்டு வரை தெளிவாக எடுக்க வேண்டுமென்றால் துவாரம் சின்னதாக இருந்தே ஆக வேண்டும்.

ஆகவே டீச்சர் ஆசைப்பட்ட பட்டறைப் படம் இந்தக் கேமராவில் வராது. அதை நான் பூஜை போட்டுக் கெடுத்துவிட்டேன். ஆனால் ஏதோ ஒரு படம் வரும். வரவைப்பேன்.

நவம்பர் 7, வியாழன்

தேக்கின் ஷட்டரைத் தட்டுவதற்கு அமுக்குகிற காற்றுப்பந்து வேண்டும். பழைய ரப்பர் தொட்டால் உதிர்கிறது. பிரஷர் பார்க்கிற கருவியின் பந்தைக் கழற்றி, நீளமான குழாய் மாட்டி, சேர்கிற இடத்துக்குப் பித்தளையில் ஒரு குட்டி நிப்பிள் கடைந்து போட்டேன். அமுக்கினால் கேமரா ‘ம்’ என்கிறது. இனி டாக்டர் என் பிரஷரை அவர் வீட்டுக் கருவியில் பார்த்துக்கொள்ளட்டும்.

நவம்பர் 10, ஞாயிறு

வந்துவிட்டாள்.

தலையில் ஒரு பருத்தித் துணி கட்டியிருந்தாள். இளைத்திருக்கிறாள். ஸ்டேஷனில் வீல்சேர் வேண்டாம் என்று பூங்கொடியோடு சண்டை போட்டு நடந்தே வந்தாள். வீட்டில் கட்டிலில் படுக்கை விரித்து வைத்திருந்தேன், அடியில் வேறு முட்டுக்கொடுத்து. அவள் கட்டிலைத் தாண்டி நேராகப் பீரோவுக்குப் போனாள். ஒரு டீயைக் குடித்துவிட்டுச் சொல்லலாம் என்று நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்தது வீண்.

தேக்கை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். திருப்பினாள். மறுபடியும் பிடித்தாள்.

"ஏனுங். இதென்னங்?"

ஆயுத பூஜை என்றேன்.

"எதுல வெச்சீங்?"

"தீக்குச்சியிலீங் டீச்சர். நீதான் விரல் படக் கூடாதுன்னியே."

அவள் சிரித்தாள். தையல் போட்ட இடத்தைக் கையால் பிடித்துக்கொண்டு, வலிக்குது வலிக்குது என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். நானும் தைரியம் வந்து சிரித்தேன். திடீரென்று நிறுத்திவிட்டாள். கேமராவை மேஜையில் வைத்துவிட்டுப் போய் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பூங்கொடி என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டியதில்லை.

நவம்பர் 11, திங்கள்

பேசவில்லை. அரிசிம்பருப்பு சாதம் செய்தேன். நான்கு வாய் சாப்பிட்டாள்.

நவம்பர் 12, செவ்வாய்

பேசவில்லை. நான் என்ன சொன்னாலும் சிரிப்பு வரவில்லை. லேத்தில் கண்ணாடியைத் தேய்க்கப் போன கதையைச் சொன்னேன், பாயும் நானும் ஒரே துணிக்குள் நின்ற கதையைச் சொன்னேன். கடைசியில் சரக்கு தீர்ந்து நானும் சும்மா உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் பேசினாள்.

கேமராவுக்காக அழவில்லையாம். ஸ்கேன் முடிவு வந்ததும், பட்டறை முழுக்க ஒரு படத்தில் எடுத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் தலைமாட்டில் வைத்துக்கொள்ள நினைத்தாளாம். இனிமேல் ஒவ்வொரு தடவையும் அங்கே நிறைய நாள் இருக்க வேண்டியிருக்கும், இத்தனை திருகில் நீங்க எங்க நிக்கறீங்கன்னு தேடிட்டே பொழுது போயிருக்கும் என்றாள்.

நான் எழுந்துபோய்த் தண்ணீர் மோட்டாரைப் போட்டேன். தொட்டி ஏற்கெனவே நிரம்பித்தான் இருந்தது.

திரும்பி வந்து, துவாரத்தை முழுக்கத் திறந்தால் பொட்டைச் சுற்றி வெளிச்சம் வருகிற விஷயத்தைச் சொன்னேன். அவள் எழுந்து உட்கார்ந்தாள். யார் கண்டுபிடித்தது என்றாள். பாய் என்றேன். பொய், பாய் இவ்வளவு மொரட்டுத்தனமா யோசிக்க மாட்டாரு என்றாள்.

நவம்பர் 13, புதன்

ஒரு தூரத்தில் இருப்பது மட்டும்தான் தெரியும். அப்படியென்றால் எதை எடுப்பது? அவளை எடுக்கலாம் என்றேன். மொட்டைத் தலையை எவன் பார்ப்பது என்றாள். உங்களை எடுக்கிறேன் என்றாள். இந்த மூஞ்சிக்கா ஒரே ஒரு பிலிமை வீணாக்குவது என்றேன். காலையிலிருந்து மத்தியானம் வரை சண்டை. வீட்டில் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டில் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

முடிவு: இரண்டு பேரும். ஆனால் ஒருவர் மூக்கு ஒரு விரற்கடை முன்னால் வந்தாலும் அவர் கரைந்துவிடுவார். ஒரே கோட்டில் தலையோடு தலை ஒட்ட வைத்தால்தான் இரண்டும் தெரியும். கல்யாணப் படத்தில் எங்களுக்கு நடுவில் ஒரு ஆள் உட்காரலாம். அதற்கப்புறம் எடுத்த படங்களில் நடுவில் எப்போதும் அவள் அண்ணனோ என் அப்பாவோ உட்கார்ந்திருப்பார்கள்.

அடுத்த மருந்துக்கு வரச்சொன்ன நாளுக்குள் எடுத்தாக வேண்டும்.

நவம்பர் 14, வியாழன்

மழை.

நவம்பர் 15, வெள்ளி

மழை. வானத்தைத் திட்டினேன். கேட்கவில்லை.

நவம்பர் 16, சனி

எடுத்தாகிவிட்டது.

காலையில் வானம் மூடிக்கொண்டு மழை மட்டும் நின்றது. இதுதான் சரியான வெளிச்சம் என்றாள். ஆட்டோவில் பட்டறைக்குப் போனோம். லேத்தை நிறுத்தி, வாசலில் முக்காலி, அதன்மேல் தேக்கு. உள்ளே லேத்துக்கு முன்னால் பெஞ்ச். பாய் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார்.

முதலில் மாரப்பனைப் பெஞ்சில் உட்காரவைத்தாள். கறுப்புத்துணிக்குள் போனாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. சாய்ந்துவிடுவாளோ என்று பிடிக்கப் போனேன், துணிக்குள்ளிருந்தே கையை நீட்டித் தள்ளிவிட்டாள். மாரப்பன் மூக்கு தெளிவாக வந்ததும் நான் கேமராவிலிருந்து அவர் மூக்குவரை நூல் பிடித்து முடிச்சுப் போட்டேன். நூல் பிடிப்பது நம் தொழில். அந்த முடிச்சு எங்கே நிற்கிறதோ அங்கேதான் எங்கள் மூக்குகள் நிற்க வேண்டும்.

நாங்கள் போய் உட்கார்ந்தோம். மாரப்பன் நூலைப் பிடித்து அவள் மூக்கில் வைத்தார், அப்புறம் என் மூக்கில். அண்ணா பின்னால வாங், போதும், டீச்சரம்மா அசையாதீங். காற்றுப்பந்து அவள் கையில். அவள் தலையிலிருந்த துணியை அவிழ்த்து மடியில் வைத்தாள். மாரப்பன் தரையைப் பார்த்தார். பாய் கேமராவைப் பார்த்தார். நான் பக்கத்தில் இருந்ததால் பார்க்க முடியவில்லை, என் காதில் பட்டது மட்டும் தெரியும். மிச்சமிருந்த கட்டை மயிர் அரம்போலக் குறுகுறுத்தது.

"பேசாதீங். மூச்சுக்கூட உடாதீங்" என்றாள்.

நான் பேசக் கூடாதென்று பல்லைக் கடித்தேன். தாங்கவில்லை. அவள் காதுக்கு மட்டும், டீச்சர், தாடிய வழிக்கறதுக்கு மறந்துட்டேன், ஒட்டிக்கப்போவுது என்றேன். அவள் பந்தை அமுக்கிவிட்டாள்.

நவம்பர் 20, புதன்

பாய் கழுவிப் படத்தைக் கொண்டுவந்தார். தபால் அட்டையைவிடச் சின்னது. கலாமணி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து வாங்கிப் பார்த்தாள்.

லேத் கரைந்துவிட்டது. வாசல் போர்டு கிடையவே கிடையாது. நானும் இல்லை. பேசுவதற்காகத் தலையைத் திருப்பியிருக்கிறேன், காதும் மீசையும் கலந்து ஒரு புகை. அவள் மட்டும் இருக்கிறாள். மொட்டைத் தலை, கண்ணோரச் சுருக்கம், ஒவ்வொன்றும் கத்தியால் வரைந்ததுபோல. வாயை மூடிக்கொண்டு சிரிப்பை அடக்குகிறாள், அடங்கவில்லை. அவளைச் சுற்றி மட்டும் மெல்லிசாக ஒரு வெளிச்சம். அது பொட்டின் வேலை என்றார் பாய்.

உங்களுக்கு ஒரு நொடி சும்மா இருக்க முடியாதா என்று என்னைத் திட்டினாள். தலைமாட்டுல வெச்சுப் பாக்கறதுக்கு என்ற மூஞ்சியே எதுக்குங் எனக்கு என்றாள். சரி, அது எனக்கு, நான் வைத்துக்கொள்கிறேன் என்றேன். அவள் படத்தை என் கையில் கொடுத்தாள். கொஞ்சம் கழித்துப் பீரோவைப் பார்த்தபடி, எல்லாமே எடுத்துருச்சுங் மாமா, ஒண்ணும் பாக்கியில்லை என்றாள்.

அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை.

நவம்பர் 22, வெள்ளி

பாய் கடைக்குப் போனேன். உங்களிடம் இருப்பதிலேயே மோசமான கேமரா எது என்றேன். பரண் மேலிருந்து ஒன்றை இறக்கினார். ஜெர்மனியில் பிறந்ததாம், அபூர்வமானதுதானாம். துருத்தி செல்லரித்து, ஷட்டர் துருப்பிடித்து, நாலு திருகும் ஒரு பல்சக்கரமும் காணோம். எனக்கு முன்னால் மூன்று பேர் கேட்டு, பார்த்துவிட்டு ஓடிவிட்டார்களாம்.

"அண்ணே, இது படம் எடுக்கணும்னா சீக்கிரம் ஆவாது. ஒவ்வொண்ணா செஞ்சு மாட்டணும்."

"எவ்வளவு நாளாகும் பாய்?"

"வருசக்கணக்குல இழுக்கும்."

அதையே கட்டித்தரச் சொன்னேன்.

நவம்பர் 24, ஞாயிறு. ரயிலில்

இந்தத் தடவை நானும் போகிறேன். கேமராவை யார் பார்ப்பது என்று அவள் கேட்கவில்லை. நீங்களும் வாங் என்று அவளே சொல்லிவிட்டாள். பீரோச் சாவி பாயிடம்.

திருப்பூர் தாண்டியதும் பையிலிருந்து எடுத்து அவள் மடியில் வைத்தேன். இதென்னங் குப்பை என்றாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஷட்டரை ஊதினாள், துரு பறந்து எதிர்சீட்டுக்காரர் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. என் சட்டைப்பையிலிருந்த குட்டி ஸ்க்ரூட்ரைவரை அவளே எடுத்துக்கொண்டாள். இப்படி ஒரு டப்பாவைப் பீரோவில் சேர்க்க மாட்டேன், இது படம் எடுக்காமல் உள்ளே வர முடியாது என்றாள்.

அதுதான் சட்டம், எனக்கும் தெரியும் என்றேன்.

பல்சக்கரத்தை நீங்கதான் வெட்டித் தரணும், பல்லுக்குப் பல்லு சரியா இருக்கணும், அவசரப்பட்டு வெட்டினா வீணாப் போயிரும் என்று ஈரோடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.

மெதுவாகவே வெட்டுகிறேன் டீச்சர் என்றேன்.